பத்து நிமிஷ வேலைக்கு 600 ரூபாயா? கொழிஞ்சாம்பாறை அக்காவுக்கு ஒரு பிளம்பர் சொல்றது

கேரளாவுல பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. பாத்ரூம் டேப் ஒழுகுச்சாம், ஞாயித்துக்கிழமை பொள்ளாச்சி பக்கத்துல இருந்து ஒரு பிளம்பர் வந்து பத்தே நிமிஷத்துல சரி பண்ணிட்டு, ஸ்பிண்டில் (டேப்புக்குள்ள தண்ணிய தொறந்து மூடற பாகம்) 180, கூலி 420, மொத்தம் 600 வாங்கிட்டாராம். துபாய்ல இருக்கற வீட்டுக்காரர் போன்லயே திட்டறாராம், நல்லா ஏமாந்துட்டேன்னு. போற போக்குல அந்த ஆளு "மத்த நாலு டேப்பும் போயிரும், எல்லாத்தையும் மாத்திடலாம்"னு வேற சொல்லிட்டுப் போயிருக்கார். இது நியாயமான ரேட்டா, அந்த நாலையும் மாத்தணுமான்னு கேக்கறாங்க.

அக்கா, நான் இந்த வேலைக்கு வந்து 22 வருஷம் ஆச்சுங்க, தமிழ்நாடு-கேரளா எல்லையில இருக்கற கோபாலபுரம் செக்போஸ்டுக்கு ரெண்டு பக்கமும் வேலை பாக்கறவன், அதனால எங்க ஆளுங்களுக்கு ஒத்து ஊதறான்னு நெனச்சுக்காதீங்க, கடைசில அவங்களையும் சொல்றேன்.

மொதல்ல அந்த பத்து நிமிஷத்த மறந்துருங்க. உங்க டேப் கால் சுத்துல தொறக்கற வகைன்னா அந்த ஸ்பிண்டிலுக்குள்ள ரெண்டு பீங்கான் தட்டு ஒண்ணு மேல ஒண்ணு ஒரசிட்டு இருக்கும், நம்ம பக்கத்து போர் தண்ணில இருக்கற உப்பும் மண்ணும் அதுல கீறல் போட்டுடுச்சுன்னா எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும். ஸ்பிண்டில் மாத்தறது சுலபம்தான், ஆனா எல்லா ஸ்பிண்டிலும் எல்லா டேப்புக்கும் சேராது, மேல கைப்பிடி மாட்டற பல்லு கம்பெனிக்கு கம்பெனி மாறும், பழசக் கையில எடுத்துட்டுப் போய் கடையில ஒண்ணொண்ணா வெச்சுப் பாத்துத்தான் வாங்கணும். வண்டிய எடுத்துட்டு வர்றது, கடைக்குப் போறது, அங்க நிக்கறது, திரும்பி வர்றது எல்லாம் சேந்தா அரை நாள்ல பாதி போயிரும். அதனால சின்ன வேலைக்கு ஒரு அடிமட்ட கூலின்னு ஒண்ணு இருக்கும், நானே 300க்குக் கொறஞ்சு வீட்டுப் படி ஏற மாட்டேன்.

எல்லையோட கணக்கு வேற இருக்குங்க. ரிசர்வ் வங்கி போட்ட கணக்குல 2022-23ல கிராமத்துல கட்டட வேலை செய்யறவங்களோட சராசரி நாள் கூலி கேரளாவுல 852 ரூபாய், தமிழ்நாட்டுல 500 ரூபாய். இந்தப் பக்கத்து ஆளு அந்தப் பக்கம் வந்தா அங்கத்த ரேட்டத்தான் கேப்பான், அது மனுச சுபாவம். இருந்தாலும் பாலக்காட்டுல இருந்து ஆளக் கூப்பிட்டிருந்தா இதுக்கு மேலதான் ஆயிருக்கும்னு நான் நெனைக்கறேன்.

"பாக்க வர்றதுக்கே காசா, இது நோக்குகூலி இல்லையா"ன்னு வேலந்தாவளத்துல ஒருத்தர் எங்கிட்டயே சண்டைக்கு வந்தார். அட, நோக்குகூலிங்கறது அடுத்தவன் சுமை எறக்கறத வேடிக்கை பாத்துட்டு வாங்கற காசுங்க, அத கேரள அரசாங்கமே 2018 மே 1ல இருந்து தடை பண்ணிருச்சு. நாங்க வந்து பாத்து, எங்க ஒழுகுதுன்னு சொல்லிட்டுப் போறதே ஒரு வேலைதானுங்க.

இன்னொண்ணு, சின்ன வேலைன்னு போற எடத்துல என்ன நடக்கும்னு எங்களுக்கே தெரியாது. முன்ன ஒரு தடவை, 300ன்னு வெக்கறதுக்கு முன்னாடி, ஒரு பழைய வீட்டுல ஆங்கிள் காக் (செவுத்துல இருக்கற சின்ன வால்வு) மாத்த 250 பேசிட்டுப் போனேன், செவுத்துக்குள்ள பழைய ஜிஐ பைப்பு, அதாவது துத்தநாகம் பூசின இரும்புக் குழாய், ஸ்பேனர் போட்டு ஒரு திருகு திருகினதும் மடக்குனு ஒரு சத்தம், ஆங்கிள் காக் கையோட வந்துருச்சு, மரை பூரா துருப்பிடிச்சு உள்ளயே ஒடஞ்சு நின்னுருச்சு. மேல டேங்க் வால்வ மூடினா அதுவும் பிடிக்கல. அந்தம்மா பக்கெட்டா மாத்தி மாத்தி வெக்க, நான் டைல்ஸ ஒடச்சு எடுத்து முடிக்கறதுக்குள்ள ராத்திரி ஆயிருச்சு, பேசினது 250ங்கறதால அதுக்கு மேல வாய் தொறந்து கேக்கவும் முடியல. அதுக்கப்பறம் பழைய ஜிஐ லைனப் பாத்தா "ஒடஞ்சா இவ்வளவு ஆகும்"னு மொதல்லயே சொல்லிட்டுத்தான் ஸ்பேனரையே எடுக்கறேன்.

சரி, இப்ப எங்க ஆளுங்க பண்ற வேலை. கூலியில அடிக்கறவங்க கம்மிதான், சாமான்லதான் அடிப்பாங்க. 180 ரூபா ஸ்பிண்டில்னா அதோட கவர்ல எம்ஆர்பி இருக்கும், கடை பில்லும் இருக்கும், ரெண்டையும் கேளுங்க, கழட்டின பழைய சாமானையும் வாங்கி வெச்சுக்கங்க. பில்லு இல்லைன்னு தலைய சொறிஞ்சா புரிஞ்சுக்கலாம். அதவிட மோசம், ஸ்பிண்டில் மாத்தினா போதும்ங்கற எடத்துல முழு டேப்பயும் மாத்தறது, ஏன்னா டேப்பு வித்தா கடைக்காரன் கமிஷன் தருவான். நல்ல கம்பெனி டேப்புக்கு பல வருஷ வாரண்டி இருக்குங்க, வீடு கட்டினப்ப வாங்குன பில்லத் தேடிப் பாருங்க, கம்பெனி ஆளே வந்து பாத்துட்டுப் போவாங்க.

உங்க 600க்கு என் பதில், ஞாயித்துக்கிழமை அவ்வளவு தூரம் வந்ததுக்கு 420 ஒண்ணும் கொள்ளை இல்ல, நானா இருந்தா 350 வாங்கிருப்பேன். அந்த ஸ்பிண்டில் கவர மட்டும் பாத்துக்கங்க. மாசத்துக்குள்ள அதே டேப்பு திரும்ப ஒழுகினா கூப்புடுங்க, கூலி இல்லாம வரணும் அவரு. பெரிய வேலைக்கு அட்வான்ஸ் வாங்கிட்டு வராம போறவங்க மேல வேணும்னா 1915ங்கற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் பண்ணலாம், 2019 நுகர்வோர் சட்டப்படி ஆளு தமிழ்நாடா இருந்தாலும் நீங்க குடியிருக்கற பாலக்காடு மாவட்டத்துலயே கேஸ் போடலாம். 600க்கு அது வேண்டாம்ங்க, அலைச்சல்தான் மிஞ்சும்.

மத்த நாலு டேப்பா? வேண்டவே வேண்டாம். இன்னிக்கு ராத்திரி படுக்கறதுக்கு முன்ன ஒவ்வொண்ணையும் நல்லா மூடிட்டு அடியில ஒரு காஞ்ச பாத்ரூம் மக்க வைங்க, காலைல எந்த மக்குல தண்ணி இருக்கோ அதுக்கு மட்டும் ஸ்பிண்டில். தண்ணி மெதுவா வருதுன்னா அது பெரும்பாலும் டேப்போட தப்பு இல்ல, மூக்கு நுனியில இருக்கற சல்லடையக் கையால திருகிக் கழட்டி வினிகர்ல கொஞ்ச நேரம் போட்டு பழைய டூத் பிரஷ்ல தேச்சு மாட்டுங்க, அதுக்கு என்னக் கூப்பிட்டா நானும் 300 கேப்பேன்.