பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிப் புதுப்பிக்க ஆசை, பிரிட்டனில் இருக்கிறேன். முதல் காராக எதை வாங்கலாம்?

என் ஓட்டு எம்ஜி கம்பெனியின் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபிக்கு (MGB). 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஊரில் 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால் உதிரி பாகங்களுக்கு அலைய வேண்டாம். முழு பாடியே இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. 1798 சிசி இன்ஜின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் இரண்டு, எஸ்யூ (SU) என்ற பிராண்ட். பொறுமை இருந்தால் வீட்டு வாசலிலேயே வேலை பார்க்கலாம்.

வாங்கப் போகும்போது இன்ஜின் சத்தத்தில் மயங்கிவிடாதீர்கள். இன்ஜினைப் பிரித்து மாட்டலாம். துரு பிடித்த பாடிதான் பணத்தை விழுங்கும். இந்தக் காருக்குத் தனி சேசிஸ் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' என்ற பெட்டி போன்ற பகுதிதான் முக்கியமாகப் பாரம் தாங்குகிறது. வெளியே புதுத் தகடு ஒட்டி, பெயிண்ட் அடித்து, உள்ளே இற்றுப்போனதை மறைத்திருப்பார்கள். கூரையில்லாத மாடல் என்றால் ஜாக்கியால் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இறுகினால் பாடி வளைகிறது என்று அர்த்தம். நான் அப்படியே திரும்பி வந்துவிடுவேன்.

1974 கடைசியிலிருந்து வந்த கறுப்பு ரப்பர் பம்பர் மாடல்களைப் பலருக்குப் பிடிக்காது. அழகு குறைவுதான், ஆனால் விலையும் குறைவு. முதல் காருக்கு அது போதும்.

அப்புறம், வாங்கிய அன்றே எல்லாவற்றையும் கழற்றிப் போடாதீர்கள். பிரேக், டயர், பெட்ரோல் குழாய்களை மட்டும் சரிசெய்து ஒரு கோடைக்காலம் ஓட்டுங்கள். எது அவசரம், எது காத்திருக்கும் என்று காரே காட்டிவிடும்.