சுவடிக்கட்டுக்கு அடியில் மாவு கொட்டுகிறதா? மருந்துக்காரரை வாசலிலேயே நிறுத்துங்கள்

காவிரிக் கரையோர ஊர் ஒன்றில் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் இரண்டு அறை அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் வாசகர் கேட்டிருக்கிறார்: "நாற்பது ஓலைச்சுவடிக் கட்டுகள் இருக்கின்றன. இரண்டு கட்டுகளுக்கு அடியில் மாவு மாதிரிப் பொடி கொட்டுகிறது, சிலவற்றில் வெள்ளையாகப் பூஞ்சை. ஒருவர் ஏட்டுக்கு இவ்வளவு என்று பேசி, எடுத்துப்போய் மருந்தடித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். கட்டு வெளியே போனால் அதே ஏடுகள்தான் திரும்பி வரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நூற்றுச் சொச்சம் ஏடு போய், பதினைந்து குறைந்து வந்த கட்டை நானே பார்த்திருக்கிறேன். கேட்டால் "அதெல்லாம் முன்னாடியே செல்லரிச்சுப் போச்சு சார்" என்பார்கள். முதலில் ஏடுகளை எண்ணுங்கள், ஒவ்வொன்றையும் இரு பக்கமும் போனில் படமெடுங்கள், அப்புறம்தான் வைத்தியம். அவரே "இந்தப் பழசை விலைக்கும் எடுத்துக்கிறேன்" என்று ஆரம்பித்தால் 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தைச் சொல்லுங்கள். 75 வருடத்துக்கு மேற்பட்ட மதிப்புள்ள சுவடி தொல்பொருள் கணக்கில் வரும், உரிமம் இல்லாமல் அதில் வியாபாரம் செய்யமுடியாது. பாதிப் பேர் அதோடு கிளம்பிவிடுவார்கள்.

சரி, பொடி விஷயம். கட்டுக்கு அடியில் கறுப்புத்தாள் விரித்து ஒரு வாரம் விடுங்கள். புதிதாகப் பொடி விழுந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. விழாவிட்டால் பழைய சேதம், சுத்தம் செய்தால் போதும். ஏட்டில் குண்டூசித் தலை அளவு வட்ட ஓட்டை தெரியும். அது இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள சிவந்த பழுப்பு வண்டு வெளியேறிய வாசல். தின்றது அதன் புழு. அந்துருண்டை போட்டு அந்தப் புழுவைக் கொல்லமுடியாது, உங்களுக்குத் தலைவலி வருவதுதான் மிச்சம்.

உயிர் இருக்கும் கட்டைத் துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் காற்றை முடிந்தவரை வெளியேற்றி, வாயை ஒட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபிறகு ஒரு முழுநாள் பையைத் திறக்கக்கூடாது, திறந்தால் ஓலைமேல் நீர் கோத்துக்கொள்ளும். ஒரே ஒரு விலக்கு, இதைக் கவனமாகப் படியுங்கள்: சில கட்டுகளின் மேலும் கீழும் உள்ள மரச்சட்டத்தில் வண்ணம் தீட்டியிருக்கும், அரக்கு பூசியிருக்கும், அபூர்வமாகத் தந்தம் பதித்திருக்கும். குளிரில் மரம் ஒரு மாதிரி சுருங்கும், பூச்சு வேறு மாதிரி சுருங்கும், வண்ணம் செதிலாக உதிர்ந்துவிடும். அப்படிப்பட்ட கட்டை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டு ஏடுகளை வைக்கலாமே என்று தோன்றும். கயிறு இறுகிப்போயிருந்தால் அதுவும் வேண்டாம், இழுக்கும்போது துளையோரம் கிழியும். ஏட்டிலேயே ஓவியம் இருந்தாலும் இதே கதைதான்.

பூஞ்சைக்குக் குளிர் மருந்தில்லை, குளிரில் அது தூங்கும், சாகாது. முகக்கவசம் போட்டு, திறந்த இடத்தில், நிழலில், மெல்லிய தூரிகையால் வெளிப்பக்கமாகத் தட்டிவிடுங்கள். ஈரத்துணி வேண்டாம், வெயிலும் வேண்டாம், ஓலை சுருண்டு மொறமொறத்துவிடும். நன்றாகக் காய்ந்தபிறகுதான், ஓலை மொறமொறக்காமல் இருக்கப் பூசும் லெமன்கிராஸ் எண்ணெய் பற்றி யோசிக்கவேண்டும், அதுவும் எழுத்தாணியால் கீறிய ஏட்டுக்கு மட்டும்.

காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை திரும்ப வரும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப்போடுங்கள், ஈரப்பதமானி ஒன்று வாங்கி உள்ளே வையுங்கள், விலை அதிகமில்லை.

அரசு உதவி கேட்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது, படங்களோடு நேரில் போய்க் கேளுங்கள். கடிதம் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் புகையூட்டும் பெட்டி ஒன்றுக்கு டெண்டர் கோப்பு மேசை மேசையாகப் போய்வருவதற்குள் வண்டு பேரன் பேத்தி எடுத்துவிட்டது.

சரஸ்வதி பூஜை சரியாக ஐப்பசி மழைக்கு முன்னால் வருகிறது. அந்த வாரம் நாற்பது கட்டையும் அவிழ்த்துப் பாருங்கள். சந்தனம் குங்குமத்தைத் துணிமேல் வையுங்கள், ஓலைமேல் வேண்டாம்.