பட்டறைப் பக்கம்: கத்தி தாங்கும் காந்தம்

கேள்வி: சமையலறைச் சுவரில் கத்திகளை ஒட்டிவைப்பதற்காக, பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை உடைத்துத் தேக்குப் பட்டையில் பதித்தேன். கத்தி நிற்காமல் வழுக்கி விழுகிறது. வலுவான காந்தம் பெங்களூரில் எங்கே கிடைக்கும்? – ஒரு வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: குறை பாதி காந்தத்தில், பாதி மரத்தில். ஒலிபெருக்கிகளில் பெரும்பாலும் இருப்பது ஃபெரைட் என்னும் கரிய, பீங்கான் போன்ற காந்தம். அது மலிவானது, துருப்பிடிக்காதது. ஆனால் நியோடிமியம் காந்தத்தின் பக்கத்தில் வைத்தால் நோஞ்சான். நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த இந்த வலிய காந்தம் 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உருவானது. ஹார்டு டிஸ்க்கின் படிக்கும் கையை நொடிக்குள் பலமுறை இங்குமங்கும் நகர்த்துவதற்கு இதுவே உதவுகிறது.

ஆகவே எஸ்.பி. ரோட்டில் பழைய கணினி உதிரிகள் விற்கும் கடைகளில், ஓடாத ஹார்டு டிஸ்க் இருக்கிறதா என்று கேளுங்கள். மேசைக் கணினியின் 3.5 அங்குல வகையே நல்லது. மடிக்கணினி வகையில் காந்தமும் சிறியது, உள்ளே சுழலும் தட்டும் பல சமயம் கண்ணாடியாக இருந்து சில்லு சில்லாகத் தெறிக்கும். சுழலும் தட்டே இல்லாத புதுவகைச் சேமிப்பகமான எஸ்.எஸ்.டி.யைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குள் காந்தமே கிடையாது.

மூடியைக் கழற்றப் பெரும்பாலும் டி-8 அளவு ஆறுமுனை நட்சத்திரத் திருப்புளி (டார்க்ஸ்) போதும். எல்லாத் திருகாணிகளையும் எடுத்த பிறகும் மூடி அசையவில்லையென்றால், ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டை விரலால் அழுத்தித் தடவுங்கள். குழியும் இடத்தில் ஒன்று ஒளிந்திருக்கும். உள்ளே, கனத்த இரும்புத் தகட்டில் ஒட்டிய பிறை வடிவக் காந்தம் பளபளக்கும். பழைய வகைகளில் இப்படி இரண்டு தகடுகள் எதிரெதிரே இருக்கும். அவற்றைப் பிரிக்கும்போது விரல் நடுவில் சிக்காமல் மரச்சக்கையைச் செருகுங்கள். நான் செருகாமல் பிரித்ததன் பலனாக இடது கட்டைவிரல் நகம் ஒரு மாதம் கறுத்துக் கிடந்தது.

பலரும் தவறுவது இதற்கு அடுத்த படியில்தான். காந்தத்தைத் தகட்டிலிருந்து நெம்பி எடுக்காதீர்கள். இந்தக் காந்தத்தின் ஒரே முகத்தில் வடதுருவமும் தென்துருவமும் அருகருகே இருக்கின்றன. பின்னால் உள்ள இரும்பு, காந்தப்புலம் அந்தப் பக்கம் வீணாகாமல் முன்பக்கம் திருப்பிவிடுகிறது. நெம்பினால் அந்த ஆதாயம் போவதுடன், காந்தத்தின் நிக்கல் பூச்சும் பெயர்ந்து, பெங்களூரின் ஒரே மழைக்காலத்தில் அது துருவாக உதிரும். தகட்டில் ஏற்கெனவே திருகாணித் துளைகள் இருப்பதால் அப்படியே மரத்தில் முடுக்கிவிடலாம்.

அடுத்தது மரம். இத்தகைய காந்தத்தின் இழுவை தொலைவு கூடக்கூட மிக வேகமாகக் குறையும் என்பதால், பட்டையின் பின்புறமிருந்து குழி எடுத்து, முன்புறம் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் மரம் மட்டும் மீதமிருக்கும்படி விடுங்கள். உங்கள் பட்டையில் அது அதைவிடக் கூடுதலாக இருக்கும் என்பது என் ஊகம். மரம் முழுவதையும் விட்டுவிட்டு வெறும் காந்தத்தில் கத்தியை ஒட்டுவதும் சரியல்ல. அது படாரென்று மோதும்போது வாய் மழுங்கும், காந்தமும் உடையலாம். வைக்கும்போது முதுகை முதலில் பதித்துப் பிறகு வாய்ப்பக்கத்தை மெல்லச் சாயுங்கள், எடுக்கும்போது வாயை முதலில் விடுவியுங்கள்.

உடைந்த துண்டுகளைக் குழந்தைகள் கைக்கு எட்டவிடாதீர்கள். இரண்டை விழுங்கினால் அவை குடலின் மடிப்புகளைக் கவ்வித் துளைத்துவிடும். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்களும் இந்த வேலையிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

கேள்வி: காந்தப் பட்டையில் வைத்த கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டினால், தூள் அதன் வாயிலேயே ஒட்டிக்கொள்கிறது. கத்தி கெட்டுவிட்டதா? – ஒரு வாசகி, அல்சூர்

பதில்: கெடவில்லை. கெட்டிப்படுத்திய எஃகு சற்றே காந்தமாகிவிட்டது, அவ்வளவுதான். ஈரத்துணியால் முதுகிலிருந்து வாயை நோக்கித் துடைத்தால் தூள் வந்துவிடும். கல்லைச் சுற்றிச் சிந்திய தூளை அள்ள, மிஞ்சிய காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அதன் மேல் நகர்த்துங்கள். பிறகு குப்பைக்கு மேலே பிடித்துக் காந்தத்தைப் பைக்குள்ளிருந்து உருவினால், தூள் மொத்தமும் அதுவாகவே உதிர்ந்துவிடும்.