ஜக் கெம்ப் பற்றிக் கேட்டீர்கள், இதோ பதில்கள்

கல்லடியில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். வரியைக் குறைக்க வேண்டும் என்று விடாமல் நின்ற அமெரிக்கக் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜக் கெம்ப் பற்றிப் போன கிழமை இரண்டு வரி எழுதினேன், கேள்விகள் குவிந்துவிட்டன.

களுவாஞ்சிக்குடி மாணவன்: சேர், அவர் பொருளியல் பட்டதாரியா?

இல்லை மனே, படித்தது உடற்கல்வி. 1935இல் லொஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர், தகப்பன் சிறிய லொறித் தொழில் செய்தவர். மகன் புட்போல் ஆடப் போனார், அதாவது கையால் எறிந்து ஆடும் அமெரிக்க புட்போல். 1962இல் விரல் முறிந்திருந்த நேரம், அவருடைய அணி ஆட்டக்காரர் பட்டியலில் ஏதோ தந்திரம் செய்யப் போக, நியூயோர்க் மாநிலத்து பஃபலோ நகர அணி வெறும் 100 டொலருக்கு அவரைத் தூக்கிக்கொண்டது. அந்த அணிக்கு 1964, 65 இரண்டு வருடமும் கிண்ணம் வாங்கிக் கொடுத்தார். பொருளியல் எல்லாம் சொந்த வாசிப்புத்தான்.

காத்தான்குடியில் கடை வைத்திருக்கும் நானா: தொழிலாளர் ஊரில் வலதுசாரிக்கு எப்படி வாக்கு விழுந்தது?

பஃபலோ இரும்பாலை ஊர் என்பது சரிதான், ஆனால் இவர் ஆட்டக்காரர்களுக்குத் தொழிற்சங்கம் தொடங்கித் தலைவராகவும் இருந்தவர். 1965இல் நியூ ஓர்லியன்ஸில் கறுப்பின ஆட்டக்காரர்களை டாக்சியில் ஏற்ற மறுத்ததால் அவர்கள் போட்டியைப் புறக்கணித்தபோது அவர்கள் பக்கம் நின்றார். 1971 முதல் 1989 வரை அமெரிக்கக் காங்கிரஸில் அவர்தான் அந்தப் பகுதி உறுப்பினர்.

அக்கரைப்பற்று ஆசிரியை: கெம்ப்-ரொத் சட்டமூலம் என்றால் என்ன?

செனட்டர் வில்லியம் ரொத்துடன் சேர்ந்து கொண்டுவந்தது டீச்சர். வருமான வரி விகிதங்களை மூன்று வருடத்தில் 30 வீதம் குறைப்பதுதான் திட்டம். வரி 100 வீதம் என்றால் ஒருவரும் உழைக்க மாட்டார்கள், 0 என்றால் அரசுக்கு ஒன்றும் கிடைக்காது, ஆகவே இடையில் எங்கோ ஒரு புள்ளிக்கு மேலே இருக்கும் வரியைக் குறைத்தால் அரசின் வருமானம் கூடும் என்பது அவர்கள் வாதம். 1981இல் ரீகன் காலத்தில் இது 25 வீதமாகச் சுருங்கி நிறைவேறியது, உச்ச விகிதம் 70இலிருந்து 50க்கு இறங்கியது. பற்றாக்குறையோ பெருத்துவிட்டது. அடுத்த வருடமே ரீகன் சில வரிகளைக் கூட்டினார், கெம்ப் சொந்தக் கட்சியோடு முட்டி அதை எதிர்த்தார்.

ஏறாவூர்த் தம்பி: அப்போ 2019இல் நம்ம இலங்கையில் வரியைக் குறைத்ததும் இதே சரக்குத்தானே?

பெயர் ஒன்று, நிலைமை வேறு. 70 வீதத்திலிருந்து இறங்குவதும், ஏற்கனவே 15ஆக இருந்த வற் எனும் பெறுமதி சேர் வரியை 8 ஆக்குவதும் ஒன்றா? அதோடு வருடத்துக்கு 1.2 கோடி ரூபா விற்பனையாக இருந்த வற் பதிவு எல்லையை 30 கோடிக்கு உயர்த்தி, பெரிய வியாபாரிகள் பலரையும் வலைக்கு வெளியே விட்டார்கள். அமெரிக்கா கடனைத் தன் டொலரிலேயே கட்டலாம், நமக்கு அந்த வசதி இல்லை. அப்புறம் 2022இல் பெற்றோலுக்கு நின்ற வரிசையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, 2024 தையில் வற் 18க்கே ஏறியது. என்னைக் கேட்டால் நாம் பார்க்க வேண்டியது அமெரிக்காவின் 1986ஆம் ஆண்டு வரிச் சட்டத்தை. உச்ச விகிதத்தை 28க்கு இறக்கிய அதே கையால் சலுகை ஓட்டைகளையும் அடைத்தார்கள். கெம்பைப் போல அதற்கு உழைத்த இன்னொருவர் ஜனநாயகக் கட்சி பில் பிராட்லி, அவரும் ஒரு விளையாட்டு வீரர், கூடைப்பந்து ஆடியவர் என்பது வேடிக்கை. சீர்திருத்தம் என்று நான் சொல்வது அதைத்தான், வெறும் வெட்டை இல்லை.

வாழைச்சேனை அண்ணன்: வரியைக் குறைக்கச் சொன்னவர் செலவை எங்கே குறைக்கச் சொன்னார்?

சரியான இடத்தில் பிடித்தீர்கள் அண்ணன், அங்கேதான் அவர் பலவீனம். செலவை வெட்டுவதில் அவருக்குப் பெரிய அக்கறை இல்லை, வளர்ச்சி வந்தால் பற்றாக்குறை தானாக அடைபடும் என்று நம்பினார். 1989 முதல் 93 வரை வீடமைப்பு அமைச்சராக இருந்தபோதும் ஏழைகளுக்கு அரச வீடுகளைச் சொந்தமாக்கவே முயன்றார். பற்றாக்குறை விஷயத்தில் அவரோடு அதிகம் மல்லுக்கட்டியவர் 1982 வரி உயர்வை முன்நின்று நடத்திய செனட்டர் பொப் டோல். அதே டோல் 1996இல் ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்றபோது 15 வீத வரிக்குறைப்பு வாக்குறுதியோடு கெம்பையே துணை ஜனாதிபதி வேட்பாளராகப் பக்கத்தில் நிறுத்தினார். இருவரும் தோற்றார்கள்.