கணக்குப் போட்ட குதிரையும் என் மகளின் வாய்ப்பாடும்

சமீபத்தில் படித்ததில் மனதை விட்டு அகலாதது எது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரு குதிரையின் கதை.

பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்று ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் இருந்தார். பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லித் தருவதுபோல, ஹான்ஸ் என்ற தன் குதிரைக்குக் கூட்டல், கழித்தல், பின்னம் என்று வருடக்கணக்கில் பாடம் நடத்தினார். "எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை என்றால், அடுத்து வரும் வெள்ளி என்ன தேதி?" என்று கேட்டால் குதிரை குளம்பால் 11 தட்டு தட்டி நிறுத்தும். பார்க்கக் கூட்டம் கூடியது. மனிதர் யாரிடமும் காசு வாங்கவில்லை.

1904 செப்டம்பரில் உளவியலாளர் கார்ல் ஸ்டும்ப் தலைமையில் ஒரு குழு வந்து பார்த்தது. கால்நடை மருத்துவரும் சர்க்கஸ் நடத்துபவரும்கூட அதில் இருந்தார்கள். ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அது உண்மையும்கூட. யாரும் ஏமாற்றவில்லை.

அப்புறம் ஸ்டும்ப்பின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் பொறுமையாக உட்கார்ந்து சோதித்தார். கேட்பவருக்கே விடை தெரியாத கேள்வியாகக் கேட்கச் சொன்னார். குதிரைக்குக் கண் மறைப்பு கட்டி, கேட்பவர் அதன் பார்வையில் படாமல் நிற்கும்படி செய்தார். இரண்டிலும் ஹான்ஸ் திணறியது. கேள்வி கேட்டவர் குளம்பைப் பார்க்கத் தலையை லேசாகக் குனிவார், குதிரை தட்டத் தொடங்கும். சரியான எண்ணிக்கை வந்ததும் அவரையும் அறியாமல் தலை ஒரு நூலளவு நிமிரும், குதிரை நிறுத்திவிடும். ஹான்ஸுக்குக் கணக்கு தெரியாது, மனித முகம் தெரியும்.

என்னை உலுக்கியது இதற்குப் பின் நடந்ததுதான். ரகசியம் தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் தலையை அடக்க முடியவில்லை. ஆய்வுக்கூடத்தில் அவரே குதிரையாக உட்கார்ந்தார். எதிரே இருப்பவர் ஓர் எண்ணை மனதில் நினைக்க, அவர் முகத்தைப் பார்த்தபடி இவர் கையால் தட்டுவார். பெரும்பாலும் சரியான எண்ணில் நிறுத்தினார்! புதிய மருந்தைச் சோதிக்கும்போது யாருக்கு உண்மை மாத்திரை, யாருக்குப் போலி மாத்திரை என்பதை மருத்துவரிடமிருந்தும் மறைக்கிறார்களே, அதன் அருமை எனக்கு இப்போதுதான் புரிந்தது.

அதே பெர்லினில் 2019இல் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். படத்தில் குதிரை இருந்தால் சரியாகச் சொல்லும் ஒரு நிரல். அது படத்தின் எந்த இடத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று தேடினால், குதிரையையே பார்க்கவில்லை! பயிற்சிக்குக் கொடுத்த குதிரைப் படங்களில் சுமார் ஐந்தில் ஒன்றின் ஓரத்தில், படம் எங்கிருந்து வந்தது என்ற சிறு எழுத்து இருந்திருக்கிறது. அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த எழுத்தை ஒரு கார் படத்தில் ஒட்டினால் காரையும் குதிரை என்றது. ஹான்ஸின் பெயரை அந்த ஆய்வாளர்களே தங்கள் கட்டுரைத் தலைப்பில் வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்த மறுநாள் மாலை என் மகளுக்கு வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்பு. "ஏழெட்டு?" என்றேன். "ஐம்பத்து...நா..." என்று இழுத்தாள். கண் என் முகத்திலேயே இருந்தது. என் புருவம் ஏறியதை நானே உணர்ந்தேன். "இல்ல, ஐம்பத்தாறு!" என்றாள். நாள்தோறும் இப்படித்தான் நடந்திருக்கிறது. வீட்டில் சரியாகச் சொல்பவள் பள்ளித் தேர்வில் ஏன் விடுகிறாள் என்று இத்தனை நாள் அவளைத்தான் கடிந்துகொண்டிருந்தேன்.

அடுப்புப் பக்கம் திரும்பி, ரசத்துக்குத் தக்காளியைப் பிசைந்தபடி அடுத்ததைக் கேட்டேன். "ஏழொன்பது?"

வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, இந்தப் பக்கம் திரும்பேன்."

அன்றைக்கே ஏழாம் வாய்ப்பாட்டைப் புளியங்கொட்டை வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தோம். இப்போது ஏழாறு வரை வந்திருக்கிறோம்.