மூன்று மாத சுகர் டெஸ்ட்: வாசகர் கேள்விகள்

மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்ட்டுக்கு வெறும் வயிற்றோடு போகணுமா? (வாசகி, திருப்பூர்)

வேண்டாம். கூடவே வெறும் வயிற்று சுகரும் எடுப்பதாக இருந்தால் மட்டும் காபியைத் தள்ளிப் போடுங்கள்.

"72 டெஸ்ட், பாதி விலை" என்று வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தார்கள். ஹெச்பிஏ1சிக்குக் கீழே "சராசரி குளுக்கோஸ்" தனி டெஸ்ட்டாக இருக்கிறது. இரண்டும் வேறா? (வாசகர், மதுரை)

வேறே இல்லை. அந்தச் சராசரியை யாரும் உங்கள் ரத்தத்தில் அளக்கவில்லை. ஹெச்பிஏ1சி எண்ணை 28.7 ஆல் பெருக்கி 46.7ஐக் கழித்தால் வருவது அது. 7 சதவீதம் என்றால் 154. கொலஸ்ட்ரால் பக்கத்தில் "விகிதம்" என்று நிற்கிற வரிகளும் வகுத்துப் போட்டவைதான். ரத்த அணுக்களை ஒரு மெஷின் ஒரே தடவையில் எண்ணித் தருவதை இருபது வரியாகப் பிரித்துவிடுவார்கள். இப்படித்தான் 72 ஆகிறது. இந்த எண்ணிக்கை விளம்பரத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்க வேண்டியதைக் கேட்கவிடாமல் செய்வது அதுதான். ஹெச்பிஏ1சியை எந்த முறையில் பார்த்தார்கள், ரத்தத்தில் உள்ளதைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி முறையா? லேப்களின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரத்தில் இந்த டெஸ்ட் அடங்குமா? லேபுக்கு மொத்தமாக அல்ல, டெஸ்ட்வாரியாகத்தான் அந்த அங்கீகாரம் தருகிறார்கள்.

ஹெச்பிஏ1சி 6.6 வந்தது. மெடிக்கலில் கேட்டு மாத்திரை ஆரம்பித்துவிட்டேன். சரிதானே? (வாசகர், ஓசூர்)

சரியில்லை. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 முதல் சர்க்கரை நோய். ஆனால் அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு டெஸ்ட்டும் அதையே சொன்னால்தான் உறுதி. ரிப்போர்ட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு இன்றே டாக்டரிடம் போங்கள்.

அம்மாவுக்கு ரத்தசோகை. வெறும் வயிற்றில் 92, ஹெச்பிஏ1சி 6.2. "சுகர் வரப்போகுது" என்று லேபிலேயே பயமுறுத்தி 4,500 ரூபாய்க்குப் பொடி விற்றுவிட்டார்கள். (வாசகி, விழுப்புரம்)

பயத்தைக் காசாக்கியிருக்கிறார்கள், தாயே. உங்கள் மேல் தப்பில்லை. இரும்புச்சத்து குறைந்தால் சுகர் ஏறாமலே ஹெச்பிஏ1சி எண் ஏறிக் காட்டும். ரத்தசோகையைச் சொல்லி, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் டெஸ்ட் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள்; மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வீட்டு மீட்டரில் 142, லேபில் 130. மீட்டர் பழுதா? (வாசகர், தஞ்சாவூர்)

இல்லை. சுகர் 100க்கு மேல் இருந்தால் 15 சதவீதம் வரை முன்னே பின்னே காட்ட மீட்டர்களுக்கான தரநிலையே இடம் தருகிறது. மீட்டர் வாங்குமுன் ஸ்ட்ரிப் விலையை விசாரியுங்கள். நான் மலிவாக வாங்கிய ஒன்றுக்கு ஸ்ட்ரிப் வருவதே நின்றுபோய், அலமாரியில் கிடக்கிறது.