கிராம சபையில் தீர்மானம் போட்டாச்சு, வேலைதான் நடக்கவில்லை

கேள்வி: ஆகஸ்ட் 15 அன்று எங்கள் ஊர் கிராம சபையில் மூன்று தீர்மானம் போட்டோம். கிழக்குத் தெருவுக்கு விளக்கு, குளக்கரை ஆக்கிரமிப்பை எடுப்பது, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டாஸ்மாக் கடையை மாற்றுவது. அக்டோபர் 2 கூட்டத்தில் கேட்டால், "எல்லாம் மேலே அனுப்பியாச்சு" என்கிறார்கள். கிராம சபைத் தீர்மானம் செல்லுமா, செல்லாதா?

பதில்: செல்லும். ஆனால் மூன்றுக்கும் ஒரே மாதிரி பலம் கிடையாது. அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன்: அன்றைக்குத் தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதினார்கள் என்று யாராவது படித்துப் பார்த்தீர்களா?

ஊரக வளர்ச்சித் துறையில் வேலை பார்த்த காலத்தில் நான் புரட்டிய ஒரு புத்தகம் இன்னும் நினைவில் இருக்கிறது. குடிதண்ணீர் குழாய்க்காக ஊரே ஒரு மணி நேரம் சத்தம் போட்ட கூட்டம் அது. புத்தகத்தில் இருந்தது ஒற்றை வரி: "குடிநீர் தொடர்பான பொதுமக்கள் கோரிக்கை விவாதிக்கப்பட்டது." கீழே நூற்றுச் சொச்சம் கையெழுத்து, நடுநடுவே நீல மையில் கைநாட்டு. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, மேலே உள்ளதைச் சாவகாசமாக எழுதியிருக்கிறார்கள். "விவாதிக்கப்பட்டது" என்ற சொல்லை வைத்து எந்த அலுவலகமும் ஒரு துரும்பை நகர்த்தாது. தீர்மான எண், எந்தத் தெரு, எந்த சர்வே எண், யார் செய்ய வேண்டும், கடைசியில் "தீர்மானிக்கப்பட்டது". இத்தனையும் இருந்தால்தான் அது தீர்மானம்.

ஆகவே முதலில் நகல் வாங்குங்கள். ஊராட்சி செயலரிடம் கேட்டுப் பாருங்கள். தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் விரைவுத் தபாலில் மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். மனு வேறு அலுவலகத்துக்குப் போக வேண்டியது என்றால் 5 நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். உங்களிடம் திருப்பித் தர முடியாது. வருகைப் பதிவின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 என்று கூட்டத்துக்குக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற வரம்பு (குறைவெண் வரம்பு) இருக்கிறது. ஆள் குறைந்திருந்தால் பின்னால் அதையே காரணம் காட்டித் தட்டிவிடலாம்.

இனி உங்கள் மூன்று விஷயத்துக்கு வருகிறேன்.

தெருவிளக்குக்கு நீங்கள் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, பிரிவு 110 ஊராட்சியின் கட்டாயக் கடமை என்று வரிசைப்படுத்தும் வேலைகளில் அதுவும் ஒன்று. "மேலே அனுப்பியாச்சு" என்பது இதற்குப் பொருந்தாத பதில். புதுக் கம்பம் நட வேண்டியிருந்தால் மட்டும் மின்வாரியம் உள்ளே வரும். அப்போதும் மதிப்பீடு கேட்டுக் கடிதம் எழுத வேண்டியது ஊராட்சிதான். அந்தக் கடிதம் எந்தத் தேதியில் போனது என்று கேளுங்கள், உண்மை தெரிந்துவிடும்.

குளம் கொஞ்சம் சிக்கல். அது யாருடைய குளம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி, குளங்கள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. ஆக்கிரமிப்பை அளந்து, நோட்டீஸ் கொடுத்து, எடுப்பது வருவாய்த் துறை வழியாக நடக்கிற வேலை. கிராம சபையே ஜேசிபி வைத்து இடிக்க முடியாது, அப்படி இறங்கினால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் (ஊரின் நிலங்களை வகைப்படுத்தி எழுதிய பதிவேடு) அந்த சர்வே எண் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். "குளம்" என்றோ "நீர்நிலைப் புறம்போக்கு" என்றோ இருந்தால், அந்த விவரத்தோடு தீர்மான நகலையும் வைத்துத் தாசில்தாருக்கு மனு கொடுங்கள். வெறும் மனுவைவிட ஊரே போட்ட தீர்மானத்துக்கு அங்கே கனம் அதிகம். நாளைக்கு உயர் நீதிமன்றம் போனாலும் முதல் ஆவணம் அதுதான்.

டாஸ்மாக் விஷயத்தில் பொய் நம்பிக்கை தர மாட்டேன். தீர்மானத்தால் மட்டும் கடையை மூட வைக்க முடியாது. அரசின் அதிகாரத்தில் இருக்கும் எதற்கும் இதே நிலைதான்: பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை எத்தனையோ முறை தீர்மானம் போட்டும், அதனால் மட்டும் திட்டம் நின்றுவிடவில்லை. ஒடிசாவின் நியமகிரியில் 2013-ல் 12 கிராம சபைகள் மறுத்து பாக்சைட் சுரங்கத்தையே தடுத்தார்களே என்று கேட்பீர்கள். அங்கே வன உரிமைச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தது, உச்ச நீதிமன்றமும் சபைகளைக் கூட்டி முடிவெடுக்கச் சொன்னது. மதுக்கடைக்கு அப்படி ஒரு சட்டம் நம் கையில் இல்லை. ஆனால் உங்களுக்கு வேறு பிடி இருக்கிறது. 2003-ம் ஆண்டு சில்லறை மதுவிற்பனை விதிகளின்படி, ஊராட்சிப் பகுதியில் பள்ளிக்கும் கடைக்கும் குறைந்தது 100 மீட்டர் இருக்க வேண்டும். டேப் வைத்து அளந்து, வரைபடம் போட்டு, தலைமை ஆசிரியரின் கடிதத்தையும் சேர்த்து மாவட்ட ஆட்சியருக்குக் கொடுங்கள். தீர்மானத்தைப் பின்னிணைப்பாக வையுங்கள்.

ஊராட்சியே அசையாவிட்டால் வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி), அப்புறம் ஆட்சியர் அலுவலகத்தில் ஊராட்சிகள் உதவி இயக்குநர் என்று போக வேண்டும். தலைவரின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர் நிர்வாகத்தில் இருக்கும் ஊராட்சி என்றால் ஒரு வேடிக்கை: அந்தத் தனி அலுவலரே வட்டார வளர்ச்சி அலுவலர்தான். அவர்மேல் அவரிடமே புகார் கொடுத்துப் பயனில்லை, நேராக உதவி இயக்குநரிடம் போங்கள். ஒரு தீர்மானத்தை ரத்து செய்யவோ நிறுத்திவைக்கவோ வேண்டுமானால் ஊராட்சிகளின் ஆய்வாளரான ஆட்சியர், பிரிவு 202-ன் கீழ் எழுத்துமூலம் உத்தரவு போட வேண்டும். "அந்தத் தீர்மானம் செல்லாது" என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னால், உத்தரவு நகலைக் கேளுங்கள்.

நவம்பர் 1-ம் தேதி அடுத்த கிராம சபை. கூட்டத்தைப் பார்வையிட அரசு அனுப்பும் அலுவலரான பற்றாளரிடம், ஆகஸ்ட் தீர்மானங்கள் ஒவ்வொன்றின் மீதும் எடுத்த நடவடிக்கையைத் தேதியோடு படிக்கச் சொல்லி, அந்தப் பதிலையும் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பக்கத்தை அங்கேயே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.